பெட்டிக்குள் பெட்டி வைத்தவர்கள் சாவியை எங்கே வைத்தார்கள்?

ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் வரிசைகட்டி நிற்கும் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் காய்ச்சல் தொடங்கிவிட்டால் ஒரு வாக்கியத்தை அடிக்கடி கேட்கலாம். "டேபிள் எல்லாம் பழசுடா மச்சி, எல்லாத்தையும் நெஸ்ட் பண்ணிப் போட்டா முடிஞ்சுது." மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் கிராமம், கிராமத்துக்குள் புல எண், புல எண்ணுக்குள் உட்பிரிவு, உட்பிரிவுக்குள் உரிமையாளர். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். டெமோ அன்று வழிகாட்டி ஆசிரியரும் தலையை ஆட்டிவிடுவார்.

வினை தொடங்குவது மறுநாள். "இந்தப் பெயரில் இந்த மாவட்டத்தில் எத்தனை இடத்தில் நிலம் இருக்கிறது?" என்று யாராவது ஒரு சாதாரணக் கேள்வி கேட்பார். அப்போதுதான் தெரியும், பெட்டிகளை அடுக்கியவர்கள் சாவியை எந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள் என்று.

நோ-எஸ்.க்யூ.எல். தரவுத்தளம் என்பதே தப்பு என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நெஸ்டிங் என்பதைச் சேமிப்பு வசதியாக மட்டுமே பார்த்து, கேள்வி கேட்கும்போது வரும் விலையை மறைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதுதான் தப்பு. அந்த விலையைக் கட்டுவது ப்ராஜெக்ட் செய்தவர் இல்லை. நிலத்தை வாங்குபவரும் விற்பவரும்தான்.

நகராத மனை, நகரும் மாவட்டம்

மாமல்லபுரத்தில் ஒரு மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் எழுதிய பத்திரத்தில் அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997 ஜூலை 1 அன்று அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. அதற்குப் பின் எழுதிய பத்திரத்தில் அதே மனை காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. இப்போது அதே மனை செங்கல்பட்டு மாவட்டம், திருக்கழுக்குன்றம் வட்டம். மண் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தலைக்கு மேல் இருக்கும் பெயர்தான் மாறிக்கொண்டே போகிறது.

மாவட்டத்தை வெளிப்பெட்டியாக வைத்து எல்லாவற்றையும் உள்ளே திணித்த தரவுத்தளத்துக்கு 2019 நவம்பர் 29 அன்று என்ன ஆகும்? காஞ்சிபுரம் என்ற பெட்டியை உடைத்து, அதில் பாதியை அப்படியே பெயர்த்து, செங்கல்பட்டு என்ற புதிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெயர்க்கும்போது பாதியில் மின்சாரம் போனால் சில கிராமங்கள் இரண்டு பெட்டியிலும் இருக்கும், சில கிராமங்கள் எதிலுமே இருக்காது. பெயர்த்து முடித்த பிறகும் பாடு தீராது. நிரலில் எங்கெல்லாம் "காஞ்சிபுரம்.திருக்கழுக்குன்றம்.மாமல்லபுரம்" என்று பாதை எழுதி வைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் போய் மாற்ற வேண்டும்.

தனித்தனி வரிசையாக வைத்து, கிராமத்துக்கு ஓர் எண், அந்த எண் எந்த வட்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு சிறு அட்டவணை வைத்திருந்தால்? சில வரிகளைச் சேர்த்தால் போதும். நில விவரம் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. பழைய பத்திரத்தில் இருக்கும் பழைய மாவட்டப் பெயரும் பொய்யாகாது.

இது ஏதோ செங்கல்பட்டுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 1960களின் கடைசியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். என்ற மர வடிவத் தரவுத்தளம் புழக்கத்துக்கு வந்தது. அதே ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த மரங்களைத்தான் குறைசொன்னார். மரம் எப்படி வளர்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு நிரலும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது, மரத்தின் வடிவம் மாறினால் நிரல்கள் எல்லாம் விழுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். அரை நூற்றாண்டு கழித்து அதே மரத்தைப் "புதுத் தொழில்நுட்பம்" என்று மேடையேற்றுகிறார்கள்.

ஒரு மனைக்கு எத்தனை அப்பா?

மரத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மேல்பெட்டிதான். கோப்புறைகளுக்கு அது சரி. மாமல்லபுரம் கடற்கரைக்குச் சரிப்படுமா?

அதே மனையை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த்துறைக்கு அது ஒரு வருவாய் கிராமத்தில் இருக்கிறது. உள்ளாட்சிக்கு அது ஒரு வார்டில் இருக்கிறது. பதிவுத்துறைக்கு ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருக்கிறது. அந்த எல்லையும் வட்டத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலும் இருக்கிறது. 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சின்னங்கள் உள்ள ஊர் இது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம் கட்டத் தடை, அதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று 2010ல் திருத்திய தொல்லியல் சட்டம் சொல்கிறது. ஆக, அந்த வளையத்திலும் அந்த மனை இருக்கலாம்.

ஐந்து மேல்பெட்டிகள். இதில் எதற்குள் மனையை வைப்பது? வருவாய் கிராமத்துக்குள் வைத்தால், "தடை வளையத்துக்குள் எந்தெந்த மனைகள்?" என்று கேட்பவருக்கு எல்லாக் கிராமத்தையும் திறந்து காட்ட வேண்டும். வளையத்துக்குள் வைத்தால், பட்டா கேட்பவருக்கு அதே கதி. ஐந்திலும் ஒரு நகல் வைத்தால், உரிமையாளர் மாறும்போது ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும். நான்கில் மாற்றி ஒன்றை மறந்தால் அந்த ஒன்றைத்தான் எவராவது நம்பிப் பணம் கொடுப்பார்.

செங்கல்பட்டு ஏரிகளின் நாடு. ஒரு ஏரியின் மதகு பல கிராமத்துக்குப் பாயும். ஒரு கிராமம் பல ஏரியின் தண்ணீரைக் குடிக்கும். மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். கிராமத்துக்குள் ஏரியா, ஏரிக்குள் கிராமமா? இந்தக் கேள்விக்கே விடை கிடையாது. உலகம் வலையாக இருக்கிறது. அதை மரமாக்க வேண்டுமானால் சில கொடிகளை வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டினால் அது வடிவமைப்பு. தெரியாமல் வெட்டினால் அதற்கு வேறு பெயர்.

கசாண்ட்ரா கற்ற பாடம்

"பெரிய பெரிய கம்பெனியே நெஸ்ட் பண்ணித்தான் வைக்கிறான்" என்பது அடுத்த பிரம்மாஸ்திரம். சரி, அந்தப் பெரிய கம்பெனியின் கதையையே பார்க்கலாம்.

ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காக அவினாஷ் லட்சுமணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கிய கசாண்ட்ரா 2008ல் திறமூலமாக வெளிவந்தது. அதில் சூப்பர் காலம் என்று ஒன்று இருந்தது. ஒரு காலத்துக்குள்ளேயே பல காலங்கள். நில விவரத்துக்குப் பொருத்திச் சொன்னால்: வரிசையின் சாவி கிராமம், சூப்பர் காலம் புல எண், அதற்குள் இருக்கும் உட்காலங்கள் ஒவ்வொரு உட்பிரிவு.

இதைக் கேட்டு வாங்க ஜாவாவில் ஹெக்டர், பைத்தானில் பைகசா போன்ற க்ளையன்ட் லைப்ரரிகள் இருந்தன. ஹெக்டரில் "சப் காலம் க்வெரி" என்றே தனியாக ஒரு வசதி. சாவியைக் கொடு, சூப்பர் காலத்தின் பெயரைக் கொடு, உட்காலத்தின் பெயரைக் கொடு, ஒரே ஒரு மதிப்பு கையில் வந்து விழும். நிரல் எழுதுபவருக்கு என்ன தோன்றும்? "ஒரே ஒரு செல்லைத்தான் எடுக்கிறேன், வேகமாகத்தான் இருக்கும்."

உண்மையில் சர்வரில் நடந்தது வேறு. சூப்பர் காலத்துக்குள் இருந்த உட்காலங்களுக்குக் குறியீட்டு அட்டவணை எதுவும் கிடையாது. ஒன்றைக் கேட்டாலும் அந்தச் சூப்பர் காலத்தில் இருந்த அத்தனை உட்காலத்தையும் நினைவகத்தில் விரித்துத்தான் அந்த ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தது. பத்து உட்பிரிவு இருந்தால் தெரியாது. பல்லாயிரம் இருந்தால் சர்வர் மூச்சு வாங்கும். மதிப்பை வைத்துத் தேட இரண்டாம்நிலை இண்டெக்ஸ் போடலாம் என்றால், சூப்பர் காலங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது லைப்ரரியின் முகம். உள்ளே நடக்கும் செலவுக்கும் வெளியே தெரியும் ஃபங்க்ஷன் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டல் பலகையில் "ஒரு இட்லி" என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பரை இட்லி அவித்து, ஒன்றை மட்டும் தட்டில் வைக்கிறார்கள். சாப்பிடுபவருக்கு ஏன் தாமதம் என்று புரியாது.

கசாண்ட்ராவை உருவாக்கியவர்கள் இதைச் சப்பைக்கட்டுக் கட்டாமல் திருத்தினார்கள். சூப்பர் காலம் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். 2013 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பில், பழைய சூப்பர் காலங்களைக்கூட உள்ளுக்குள் கூட்டுச் சாவியாக மாற்றிவிட்டார்கள். அதாவது பெட்டிக்குள் பெட்டி போய், தட்டையான வரிசை. சாவியில் மட்டும் பல பகுதிகள். 2021ல் வந்த 4.0 பதிப்பில் ஹெக்டரும் பைகசாவும் பேசிய த்ரிஃப்ட் வழியையே மூடிவிட்டார்கள். நெஸ்டிங்கின் கொடியைத் தூக்கியவர்களே இறக்கிய கொடி அது. இங்கே இன்னும் அதைத்தான் தூக்குகிறார்கள்.

தாசில்தார் அலுவலகம் முன்பே செய்தது

இதில் வேடிக்கை என்னவென்றால், கசாண்ட்ரா 2013ல் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தமிழ்நாட்டு வருவாய்த்துறை காகிதத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு புல எண் 45. அதைப் பிரித்தால் 45/1, 45/2. இரண்டாவதை மீண்டும் பிரித்தால் 45/2ஏ, 45/2பி. அதையும் பிரித்தால் 45/2ஏ1, 45/2ஏ2. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஒவ்வொன்றும் எண்ணில் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். இதைவிடச் சுத்தமான நெஸ்டிங் உலகில் எங்கே இருக்கிறது?

ஆனால் 'அ' பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே பெட்டிக்குள் பெட்டி இல்லை. 45/2ஏ1 ஒரு தனி வரி. அதற்கு நேராக நஞ்சையா புஞ்சையா, பரப்பு எத்தனை ஹெக்டேர் எத்தனை ஏர், தீர்வை எவ்வளவு, பட்டா எண் என்ன. 45/2ஏ2 அடுத்த வரி. நெஸ்டிங் முழுக்க எண்ணுக்குள் இருக்கிறது. பதிவேடு தட்டையாக இருக்கிறது. கூட்டுச் சாவி என்று இன்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அது மட்டுமா? 'அ' பதிவேடு புல எண் வரிசையில் இருக்கும். "இந்த நிலம் யாருடையது?" என்ற கேள்விக்கு அது விடை சொல்லும். "இவருக்கு எங்கெங்கே நிலம்?" என்று கேட்டால் அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும். அதனால்தான் பட்டாதாரர் வாரியாகச் சிட்டா என்று இன்னொரு கணக்கு. எந்தப் போகத்தில் என்ன பயிர் என்ற கேள்விக்கு அடங்கல். ஒரு கேள்விக்கு ஒரு பதிவேடு! கசாண்ட்ரா பாடத்தில் "க்வெரியை முதலில் யோசி, அதற்கேற்ற டேபிளைப் பிறகு கட்டு" என்று அழுத்தி அழுத்திச் சொல்வார்களே, அந்தப் பாடம் கணக்குப்பிள்ளையின் தகரப் பெட்டியில் எப்போதோ இருந்தது. 1980ல் பரம்பரைக் கர்ணம் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பிறகும் இந்தப் பதிவேடுகளின் அமைப்பு நீடித்தது. காரணம், அது ஆளை நம்பி நிற்கவில்லை, கேள்வியை நம்பி நின்றது.

இந்த முறைக்கும் விலை உண்டு. பட்டா மாறுதல் சிட்டாவில் ஏறி 'அ' பதிவேட்டில் ஏறாவிட்டால் இரண்டும் இரண்டு கதை சொல்லும். அதனால் எத்தனை குடும்பங்கள் அலைந்திருக்கின்றன என்பது எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தெரியும். ஆனால் இங்கே விலை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். நெஸ்டிங்கில் விலை ஒளிந்திருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

காலிப் பட்டியல் என்னும் பொய்

இப்போது இந்த வாதத்தின் முக்கியமான இடம். வேகம் குறைவது கூடப் பரவாயில்லை. தப்பான விடை வருவதுதான் ஆபத்து. இன்றைக்கு மாணவர்கள் அதிகம் தொடுவது மாங்கோடிபி என்பதால் அதிலிருந்தே நான்கு பொறிகள்:

1. கிராமம் ஒரு ஆவணம், அதற்குள் "புலங்கள்" என்ற பட்டியல். "2 ஹெக்டேருக்கு மேல் நஞ்சைப் புலம் உள்ள கிராமம் எது?" என்று தேட, "புலங்கள்.வகை நஞ்சை, புலங்கள்.பரப்பு 2க்கு மேல்" என்று புள்ளி வைத்து எழுதுகிறார் மாணவர். 0.30 ஹெக்டேர் நஞ்சையும் 3 ஹெக்டேர் புஞ்சையும் மட்டுமே உள்ள கிராமமும் விடையில் வந்து நிற்கும். முதல் நிபந்தனையை ஒரு புலம் நிறைவேற்றியது, இரண்டாவதை வேறொரு புலம் நிறைவேற்றியது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே புலத்துக்குப் பொருந்த வேண்டுமென்றால் எலம்மேட்ச் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் வரும். தப்பான விடை.

2. சரி, எலம்மேட்ச் போட்டாயிற்று. கையில் வருவது அந்தப் புலமா? இல்லை, முழுக் கிராமமும்! புலத்தை மட்டும் கேட்கும் சுருக்கு வழிகளைப் பிடித்தால் பொருந்தியவற்றில் முதல் ஒன்று மட்டும் வரும். மூன்று புலம் பொருந்தினால் மற்ற இரண்டும் சத்தமில்லாமல் மறையும். எல்லாம் வேண்டுமென்றால் அக்ரிகேஷனில் ஃபில்டரோ அன்வைண்டோ போட வேண்டும். அன்வைண்ட் என்றால் என்ன? உள்ளே திணித்ததை மறுபடி தட்டையான வரிசையாக விரிப்பது. அதைத்தானே முதலிலேயே செய்யச் சொன்னது?

3. உள்பெட்டியை முழுசாகக் கொடுத்து ஒப்பிட்டால் உள்ளே இருக்கும் பெயர்களின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். "வட்டம், கிராமம்" என்று எழுதி வைத்ததை "கிராமம், வட்டம்" என்று தேடினால் கிடைக்காது. பைத்தானில் 3.7 பதிப்புக்கு முன்னால் டிக்‌ஷனரியின் வரிசைக்கே உத்தரவாதம் கிடையாது. ஆகவே அதே பைமாங்கோ நிரல் ஒரு கணினியில் விடை கொடுத்து, இன்னொரு கணினியில் கைவிரிக்கலாம். லைப்ரரி எழுதியவர்கள் இதை எச்சரித்து, வரிசை காக்கும் தனி வகை ஒன்றையும் கொடுத்தார்கள். அதைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

4. கடைசிப் பொறிதான் குடும்பத்தைக் கெடுக்கும். "வில்லங்கம்.அடமானம்" என்ற இடம் நல், அதாவது வெறுமை என்று இருக்கும் மனைகளைத் தேடினால், அங்கே வெறுமை என்று எழுதி வைத்த மனைகளும் வரும், அந்த இடமே இல்லாத மனைகளும் வரும். "விசாரித்தோம், அடமானம் இல்லை" என்பதும் "யாரும் விசாரிக்கவே இல்லை" என்பதும் ஒரே பட்டியலில் தோளோடு தோள் உரசி நிற்கும். இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். "அடமானம்" என்பதற்குப் பதில் பாதையில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அடமானம் உள்ள மனைகளைத் தேடுங்கள். காலிப் பட்டியல் வரும். அட்டவணைத் தரவுத்தளத்தில் இல்லாத காலத்தின் பெயரைச் சொன்னால் "அப்படி ஒன்று இல்லையே" என்று முகத்தில் அடித்தாற்போல் பிழை வரும். இங்கே பணிவாக ஒரு சூனியம் வரும். எஸ்.க்யூ.எல்.லிலும் நல் மதிப்பில் குழப்பம் உண்டுதான். ஆனால் எழுத்துப்பிழையை "வில்லங்கம் எதுவுமில்லை" என்று மொழிபெயர்த்துச் சொல்லும் துணிச்சல் அதற்கு இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றில் எதைத் தேடுகிறார்? ஒன்றுமில்லை என்ற விடையைத்தான். இந்தத் தொழிலில் காலிப் பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம். வங்கி கடன் கொடுப்பதும், ஓய்வூதியப் பணம் கைமாறுவதும், நகையை விற்று முன்பணம் கட்டுவதும் அந்த ஒரு "இல்லை"யை நம்பித்தான். அந்த "இல்லை" நிலத்தைப் பற்றியதா, நிரலில் விழுந்த புள்ளியைப் பற்றியதா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

"அப்படியானால் நெஸ்டிங்கே கூடாதா?"

கூடும். எங்கே கூடும் என்பதைச் சொல்லாமல் திட்டிக்கொண்டே போவது ஜல்லியடிப்பு.

உள்ளே இருப்பது வெளியே இருப்பதை விட்டுத் தனியாக வாழாது என்றால் நெஸ்ட் செய்யலாம். ஒரு மனையின் நான்கு எல்லைகள், ஒரு புலப்படத்தின் அளவுக் கோடுகள், ஒரு ரசீதின் வரிகள். அந்த மனையைக் கேட்கும்போதுதான் அந்த எல்லைகள் வேண்டும். தனியாக யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணிக்கையும் கட்டுக்குள் இருக்கும். அங்கே நெஸ்டிங் உண்மையிலேயே வசதி, ஒரே படிப்பில் எல்லாம் வந்துவிடும்.

உள்ளே இருப்பதற்குச் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருந்தால் நெஸ்ட் செய்யக் கூடாது. உட்பிரிவு விற்கப்படும், அடமானமாகும், பிரியும், சேரும். உரிமையாளர் இறப்பார், வாரிசுகள் வருவார்கள். ஒருவருக்குப் பல ஊரில் நிலம் இருக்கும். அவரைக் கிராமத்துப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது அவரைப் பற்றிய எல்லாக் கேள்வியையும் பூட்டி வைப்பது. பட்டியல் வளர்ந்துகொண்டே போனால் மாங்கோடிபியின் ஒரு ஆவணத்துக்கு 16 எம்.பி. என்ற உச்சவரம்பும் காத்திருக்கிறது.

"ஜாயின் போட்டால் மெதுவாகிவிடும்" என்பது இன்னொரு பயமுறுத்தல். யாருக்கு மெதுவாகும்? கோடிக்கணக்கானவர்களின் இன்பாக்ஸை நூற்றுக்கணக்கான சர்வர்களில் பரப்பி வைத்த ஃபேஸ்புக்குக்கு அந்தக் கவலை நியாயம். ஒரு வட்டத்தின் 'அ' பதிவேடு முழுவதும் ஒரு சாதாரண மடிக்கணினியின் நினைவகத்திலேயே அடங்கிவிடும். சரியான இண்டெக்ஸ் போட்டால் ஜாயின் கண்ணிமைக்கும் நேரம்கூட எடுக்காது. யானைக்குச் செய்த அங்குசத்தை ஆட்டுக்குட்டிக்கு மாட்டிவிட்டு, "பாருங்கள், ஃபேஸ்புக்கும் இதைத்தான் மாட்டுகிறது" என்பதா வாதம்?

"ஸ்கீமா கிடையாது, நினைத்தபடி மாற்றலாம்" என்பார்கள். ஸ்கீமா எங்கும் போய்விடவில்லை. தரவுத்தளத்திலிருந்து இறங்கி, க்ளையன்ட் நிரலின் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே அதை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதுதான் ஒரே மாற்றம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதே செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் தாமஸ் பர்னார்ட் சுமார் இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடுகள், என்னென்ன தொழில், எவ்வளவு நிலம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு, மானியம் யாருக்கு என்று கிராமம் கிராமமாக. கம்பெனிக்கு அதில் இருந்த கேள்வி வருவாய். இருநூறு ஆண்டுகள் கழித்துத் தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் அதே கணக்கிடம் கேட்டது முற்றிலும் வேறு கேள்வி: அந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்று. தரவை எழுதி வைப்பவருக்கு நாளைய கேள்வி தெரியாது. அதனால்தான் இன்றைய ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வசதியாக மொத்தத்தையும் பூட்டி வைப்பது பிழை.

ஆகவே வைவா நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. உள்ளே இருக்கும் ஒன்றைத் தனியாகக் கேட்டால் சர்வர் எவ்வளவு படிக்கிறது? மேல்பெட்டியின் பெயர் நாளை மாறினால் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும்? பாதையில் எழுத்துப்பிழை வந்தால் நிரல் கத்துமா, சிரிக்குமா? "இல்லை"க்கும் "தெரியாது"க்கும் உங்கள் தரவுத்தளத்தில் வேறுபாடு உண்டா? இந்த நான்குக்கும் விடை சொல்ல முடிந்தவர் தாராளமாக நெஸ்ட் செய்யட்டும், எவரும் தடுக்கப் போவதில்லை.

விடை சொல்ல முடியாதவர் 'அ' பதிவேட்டின் ஒரு பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். கோடு போட்ட காகிதம்தான். ஆனால் அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அது காலியாக இருக்கிறது என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்.